வாத்து

இவளிடம் சொல்லிவிடலாமா?

சுண்டல் கிண்ணத்தை நிரப்பிக்கொண்டே ஹேமா யோசித்தாள். கீழ்வீட்டுக் குமுதாக்கா கொலுவின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். போன வருடக் கொலுவில், அலுவலகத்தில் விளம்பரத்துக்குச் செய்து மிஞ்சிய வாத்து வடிவப் பென் டிரைவ்களை, வீணாவானேன் என்று வெற்றிலை பாக்கோடு எல்லோருக்கும் வைத்துக் கொடுத்தாள் ஹேமா. அவற்றில் வைரஸ் இருக்கிறது என்று அலுவலகம் சொன்னபோது நவராத்திரி முடிந்திருந்தது. அதற்குள் குமுதாக்காவின் கம்ப்யூட்டரில், இறந்துபோன மகள் ரேவதி பாடிய பாட்டுகள் எல்லாம் அழிந்துபோயிருந்தன.

"பழைய பெட்டி, அது என்ன பண்ணும்?" என்று அக்கா கம்ப்யூட்டரைத்தான் குறை சொன்னாள்.

அக்கா இப்போது திரும்பினாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"ஹேமா, என் நாத்தனார் போன்ல ரேவதி பாட்டு ஒண்ணு இருக்காம்டி! அந்த வாத்து எங்கயோ தொலஞ்சிடுச்சு. இன்னொண்ணு குடேன், அதுல ஏத்தி வச்சுக்கிறேன்."

அலமாரியின் கீழ்த்தட்டு முழுக்க மஞ்சள் வாத்துகள் கிடந்தன.

"இல்லக்கா."

"அடி கஞ்சப் பிசினாறி! ஒண்ணுகூடவா இல்ல?" அக்கா சிரித்தாள்.

ஹேமா சுண்டலை நீட்டினாள். "ஒண்ணுகூட இல்லக்கா."