நிலவனிடம் போகும் வழி

அவள் காரில் ஏறியதிலிருந்து கடல் அவளுடைய பக்கமாகவே வந்துகொண்டிருந்தது.

நோர்வேயின் வடமுனை. இலையுதிர்காலத்தின் கடைசி வாரம். குட்டை மரங்களெல்லாம் மஞ்சளாகிவிட்டன. மலைச்சரிவின் புதர்கள் செங்கற்பொடி தூவியதுபோலச் சிவந்து கிடந்தன. இன்னும் பத்து நாளில் எல்லாவற்றையும் பனி மூடிவிடும்.

இந்த வீதியைப் பார்க்கவென்றே எங்கெங்கோ இருந்து ஆட்கள் வருகிறார்கள். ஒரு வளைவில் காரை ஓரங்கட்டிவிட்டு இரண்டு பேர் கடலைப் படமெடுத்துக்கொண்டு நின்றார்கள். சிரித்தபடி கையசைத்தார்கள்.

கமலினி கையசைக்கவில்லை. மடியிலிருந்த கைப்பையை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள்.

உள்ளே ஒரு கடிதம்.

தேவாலய நிர்வாகம் எழுதியிருந்தது. இருபது வருடம் முடிகிறது. குழந்தையின் கல்லறையைத் தொடர்ந்து வைத்திருக்க விருப்பமா? நிலத்தைத் திருப்பிக் கொடுக்க விருப்பமா? இரண்டு கட்டங்கள். கீழே தாயும் தகப்பனும் கையெழுத்து வைக்க இடம்.

ஒஸ்லோவில் வைத்தே அவள் இரண்டாவது கட்டத்தில் புள்ளடி போட்டுவிட்டாள். கையெழுத்தும் வைத்துவிட்டாள். தயாபரனின் கையெழுத்துத்தான் மிச்சம்.

தபாலில் அனுப்பியிருக்கலாம். அனுப்பக் கை வரவில்லை. பன்னிரண்டு வருடமாகப் பிரிந்திருக்கிற மனிதனுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"என்னை ஒருக்கா அங்க கூட்டிக்கொண்டு போவீங்களோ?"

"வாரும்" என்றான்.

விமான நிலையத்தில் அவள் பெட்டியை வாங்கிக் காரில் வைத்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. அதன்பிறகு இரண்டு மணித்தியாலமாக அவர்களுக்கு நடுவே ஹீட்டரின் இரைச்சல் மட்டுந்தான்.

குழந்தை பதினொரு நாள் இருந்தது.

இதயத்தில் பிழை என்றார்கள். பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வந்த விமானம், காற்றுக்கு இறங்க முடியாமல் இரண்டு தரம் ஊரைச் சுற்றிவிட்டுத் திரும்பிப் போனது. அவள் யன்னலில் நின்று அதன் வெளிச்சத்தைப் பார்த்தாள்.

புதைத்த மறுநாள் காலை தயாபரன் பூட்ஸை மாட்டிக்கொண்டு மீன் வெட்டும் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனான்.

அதை அவளால் மன்னிக்க முடியவில்லை. அதற்குப் பிறகு எட்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தார்கள். குழந்தைக்கு வைத்த நிலவன் என்ற பெயர் ஒருநாளாவது அவன் வாயில் வரவில்லை. அவள் தெற்கே போனாள். அவன் வடக்கிலேயே நின்றுவிட்டான்.

பாதி வழியில், ஒரு பெற்றோல் செட்டை ஒட்டியிருந்த சிறிய கடையில் கோப்பி குடிக்க இறங்கினார்கள்.

கடைக்காரி வயதானவள். தயாபரன் ஒன்றும் கேட்கவில்லை. அவளாகவே கோப்பியும் கறுவா பணிசும் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். பிறகு கமலினியைப் பார்த்தாள். உள்ளே போய் இன்னொரு கோப்பை எடுத்து வந்தாள்.

"நல்லது. இந்த வருடம் தனியாக வரவில்லை" என்று நோர்வே மொழியில் சொல்லிவிட்டுப் போனாள்.

கமலினி கோப்பையைத் தொடவில்லை.

அவன் களவு பிடிபட்டவனைப் போல யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே ஒன்றும் இல்லை. ஒரு பனிமான் வீதியைக் கடந்து போனது.

சேமக்காலை கடலைப் பார்த்தபடி இருந்தது. வெள்ளை வேலி. சரிந்த கல்லறைக் கற்கள், கல்லெல்லாம் பாசி.

ஒரு சின்னக் கல்லில் மட்டும் பாசி இல்லை.

அவன் முழந்தாளிட்டு, காய்ந்த புல்லைப் பிடுங்கத் தொடங்கினான். எந்தப் பக்கம் வேர் இறுகியிருக்கும் என்று அவன் கைக்குத் தெரிந்திருந்தது.

"எத்தினை தரம் வந்தனீங்கள்?"

"ஒவ்வொரு வருசமும். பனி விழ முன்னம்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

காற்று அவளுடைய சால்வையை இழுத்தது. அவன் பிடுங்கிய புல்லைக் கையிலேயே வைத்திருந்தான்.

"நான் வாய் திறந்தா நீர் உடைஞ்சு போயிடுவீர் எண்டு பயந்தன். பிறகு, சொல்லுற காலம் போயிட்டுது."

அவள் குனிந்து கல்லைத் தொட்டாள். உள்ளங்கை விறைத்தது. எடுக்கவில்லை.

"தனிய வந்து என்ன செய்வீங்கள்?"

"சும்மா இருப்பன். திரும்பிப் போகேக்க அவனும் கொஞ்சத் தூரம் காரிலை வருவான். பக்கத்திலை இருந்து கதைச்சுக்கொண்டே வருவான். பெரிய வாயாடி." சிரிக்கப் பார்த்தான். "இப்ப தாடியும் விட்டிருக்கிறான்."

அதற்கு மேல் அவனால் முடியவில்லை.

அவள் கடலைப் பார்த்துத் திரும்பி நின்றாள். அவன் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொள்ளும்வரை அப்படியே நின்றாள்.

பிறகு கைப்பையைத் திறந்து கடிதத்தைக் கொடுத்தாள்.

அவன் வாசித்தான். புள்ளடியைப் பார்த்தான். அவளுடைய கையெழுத்தைப் பார்த்தான். ஏன் என்று கேட்கவில்லை. ஜக்கெட் பையில் பேனையைத் தேடினான்.

அவள் கடிதத்தை அவன் கையிலிருந்து மெல்ல இழுத்து எடுத்தாள்.

"விடுங்கோ. வேற படிவம் கேட்டு எடுப்பம்."

காருக்குத் திரும்பினார்கள். வெயில் கடல்மட்டத்துக்கு இறங்கிவிட்டது. மலை முழுவதும் எரிவதுபோல் இருந்தது.

அவன் ஏறி உட்கார்ந்தான்.

கமலினி முன்கதவைத் திறந்தாள். கதவைப் பிடித்தபடி சற்று நேரம் நின்றாள். பிறகு அதைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

பின்கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள்.

அவன் கண்ணாடியில் அவளைப் பார்த்தான். பிறகு பக்கத்து இருக்கையைப் பார்த்தான்.

காரை எடுத்தான். வெகு மெதுவாக ஓட்டினான்.