வராத வாயு

"பூஜ்யம்னா என்ன அர்த்தம்?"

உமா மகேஸ்வரி மேடம் விடைத்தாளை மேஜைமேல் வீசினார். அது வழுக்கிக்கொண்டே போய், எதிரில் நின்ற சிவபிரகாஷின் வயிற்றில் முட்டி நின்றது.

"ஒண்ணும் இல்லன்னு அர்த்தம் மேடம்."

"அது எனக்கும் தெரியும். மெக்னீசியம் துண்டை ஆசிட்ல போட்டுப் பாரு, எத்தனை மில்லி ஹைட்ரஜன் வருதுன்னு எழுதுன்னு கேட்டிருக்கேன். சமன்பாடு இல்ல. மோல் கணக்கு இல்ல. பக்கம் முழுக்கக் காலி. அடியில மட்டும் 'பூஜ்யம் மில்லி'. நக்கலா?"

"வராத வாயுவுக்கு எதுக்கு மேடம் சமன்பாடு?"

மேடத்தின் மூக்குத்தி ஒருமுறை ஏறி இறங்கியது.

"கிளாஸ்ல முப்பத்தொன்பது பேருக்கு இருநூத்தி இருபத்து நாலு மில்லி வந்திருக்கு. உனக்கு மட்டும் வரலையா? ஹைட்ரஜனுக்கு உன்மேல என்ன கோபம்?"

"அத்தனை பேருக்கும் ஒரு மில்லி கூடாம குறையாம அதே நம்பர் வந்திருக்கே, அதுல உங்களுக்குக் கோபம் வரலையா மேடம்?"

சிவபிரகாஷ் குரலை உயர்த்தியதற்குக் காரணம் இருந்தது. முதல் இரண்டு செய்முறைத் தேர்விலும் அவன் விழுந்திருந்தான். இதிலும் விழுந்தால் காலேஜ் போதும், பாக்குத் தோட்டத்துக்கு வந்து சேர் என்று மத்திய அந்தமானின் ரங்கத் ஊரிலிருந்து அப்பா காத்தமுத்து போனில் சொல்லிவிட்டார். பாக்கு மரம் ஏறப் பயந்துதான் அவன் போர்ட் பிளேருக்கு வந்து வேதியியலில் சேர்ந்ததே.

"பார்த்தது பூஜ்யம், எழுதினது பூஜ்யம். அதுக்கு முட்டை. புத்தகத்துல இருக்கறதை எழுதினவங்களுக்குப் பத்துக்குப் பத்து. இது எந்த ஊர் நியாயம் மேடம்?"

"யார்கிட்ட நியாயம் பேசறே? லேபுக்கு வா. உன் கண் முன்னாடியே போடறேன். ஒரே ஒரு குமிழி வரட்டும், பொய் எழுதினதுக்கு உன்னை இதே வருஷத்துல மறுபடி உட்கார வச்சிடறேன். சம்மதமா?"

சிவபிரகாஷ் விடைத்தாளைக் கையில் எடுத்துக்கொண்டான்.

"சம்மதம்."

வராந்தாவில் நின்றிருந்த ஹரிஹரனும் மற்ற வகுப்புத் தோழர்களும், சண்டை இன்னும் முடியவில்லை என்ற நிம்மதியோடு பின்னாலேயே வந்தார்கள்.

மேடம் மெக்னீசியம் துண்டை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்தார். சோதனைக் குழாயில் போட்டார். 'ஹைட்ரோகுளோரிக் அமிலம்' என்று எழுதியிருந்த பாட்டிலைத் திறந்து ஊற்றினார். சிவபிரகாஷ் கண்களை இறுக மூடிக்கொண்டான்.

எந்தச் சத்தமும் இல்லை. ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தான்.

விடுமுறைக்கு வந்த டூரிஸ்ட் மாதிரி மெக்னீசியம் அடியில் சும்மா படுத்திருந்தது. மேடம் குழாயை ஆட்டினார். இன்னும் கொஞ்சம் ஊற்றினார். நீல லிட்மஸ் தாளை நனைத்தார். அது நீலமாகவே இருந்தது.

"சந்திரமோகன், இந்தப் பாட்டில்ல என்ன இருக்கு?"

பீக்கர் கழுவிக்கொண்டிருந்த அட்டெண்டர் திரும்பாமலே சொன்னார்: "பானி, மேடம்."

"பானியா? வெறும் தண்ணியா?"

"மெயின்லேண்ட்ல இருந்து ஆசிட் வரல. ஜஹாஜ்ல ஏத்த மாட்டேங்கறான். இன்ஸ்பெக்‌ஷன் வருது, ஒரு பாட்டில்கூடக் காலியா இருக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க. நிரப்பிட்டேன்."

மேடம் அலமாரியைப் பார்த்தார். சல்ஃபூரிக், நைட்ரிக், அசிட்டிக் என எல்லாம் கழுத்துவரை நிறைந்து, தெளிந்த நீரோடை போல இருந்தன. இன்ஸ்பெக்‌ஷன் நல்லபடியாக முடிந்து பாராட்டுக் கடிதமும் வந்திருந்தது.

சந்திரமோகனைத் திட்ட வழி இல்லாததால், கோபம் வாசலில் நின்ற கூட்டத்தின்மேல் திரும்பியது.

"முப்பத்தொன்பது பேரும் குழாய்த் தண்ணியில இருந்து ஹைட்ரஜன் எடுத்திருக்கீங்க. வெட்கமா இல்ல? எல்லாருக்கும் முட்டை. கப்பல்ல ஆசிட் வந்ததும் மறுபடி டெஸ்ட்."

பிறகு சிவபிரகாஷின் தாளை வாங்கி, பல்லைக் கடித்துக்கொண்டே பத்துக்குப் பத்து போட்டார்.

"இவன் ஒருத்தன்தான் கண்ணால பார்த்ததை எழுதியிருக்கான்."

சிவபிரகாஷ் தலை நிமிர்ந்து வெளியே வந்தான். பைக் நிறுத்துமிடத்தில் ஹரிஹரன் காத்திருந்தான். ஸ்டாண்டை ஓர் உதை உதைத்தான்.

"உன்னால எங்க எல்லார் மார்க்கும் போச்சு. நாங்க என்னடா பண்ணோம் உனக்கு?"

சிவபிரகாஷ் பின்சீட்டில் ஏறினான். பைக் ஷாதிபூர் திருப்பத்தைத் தாண்டியபோது ஹரிஹரனின் குரல் கொஞ்சம் இறங்கியது.

"இருந்தாலும் தில்லுடா உனக்கு. குமிழி வரலன்னு நாங்களும்தான் பார்த்தோம். நமக்கு எதுக்கு வம்புன்னு கணக்கைப் போட்டு எழுதிட்டோம். உண்மையை எழுத உனக்கு மட்டும்தான் தைரியம் வந்துச்சு."

"என்னது, எல்லாரும் பார்த்தீங்களா?" சிவபிரகாஷுக்குக் கோபம் தலைக்கேறியது. "நான் அந்தப் பாட்டில் மூடியைக்கூடத் திறக்கலடா. மோல் கணக்கு போடத் தெரியாமதான் பூஜ்யம் போட்டேன். நீ கையை வச்சு மறைக்காம அந்த இருநூத்தி இருபத்து நாலைக் கொஞ்சம் காட்டியிருந்தா, நான் எதுக்குடா அந்தம்மாகிட்ட நியாயம் பேசப் போறேன்?"