உருகாத க்ரீம்

லிஃப்ட் ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று ஏறியது. யார் வீட்டுப் பிள்ளையோ எல்லாப் பொத்தானையும் அமுக்கிவிட்டுப் போயிருக்கிறது.

நளினி மூடிய கதவைப் பார்த்தபடி தெரிந்த சாமிகளை எல்லாம் கூப்பிட்டாள்.

நான்காவது மாடியில் ஒரு ஏழு வயதுப் பெண்ணுக்குப் பிறந்தநாள். அங்கே போயிருக்கும் சாக்லேட் கேக்கின் தலையில் பூப்பூவாக இருப்பது க்ரீம் இல்லை. ஷேவிங் நுரை.

அவள் தொழில் அப்படி. பேக்கரிகளுக்குப் படம் எடுப்பவள். வளைகுடா நகரமான ராஸ் அல் கைமாவில் பாதி மெனு அட்டைகளில் மினுங்கும் பன்னும் கேக்கும் அவள் கைவண்ணம்தான். நிஜ க்ரீமை விளக்குச் சூட்டில் வைத்தால் பத்து நிமிடத்தில் அசடு வழியும். ஷேவிங் நுரை மணிக்கணக்கில் விறைப்பாக நிற்கும். பன்னிரண்டு வருடமாக இதைத்தான் செய்கிறாள், ஒருநாளும் பிசகியதில்லை.

இன்று காலையும் நுரை டப்பாவை பேக்கரி மாஸ்டர் கிளிட்டஸ் கையில் கொடுத்து, க்ரீமுக்குப் பதில் இதைப் பிழிந்து வையுங்கள் என்றாள். கிளிட்டஸ் கன்னியாகுமரிக் கடற்கரைக்காரர். டப்பாவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், உள்ளே எடுத்துக்கொண்டு போனார்.

மாஸ்டர் கேக்கோடு நிற்கிற மாதிரி ஒரு படமும் வேண்டும் என்று முதலாளிக்கு ஆசை. நாலு நாள் தாடியோடு நின்றால் கேக் விற்காது என்று நளினிதான் அதைத் தட்டிக் கழித்தாள்.

ஆள் நல்ல ஆள்தான். ஆனால் கேக்கை ஓரிடத்தில் இருக்க விட்டால்தானே! பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, கொஞ்சம் சரி பண்ணிக்கொண்டு வருகிறேன் என்று குளிர் அறைக்குத் தூக்கிப் போய்விடுவார். சிகரெட் பிடிக்கத்தான் இந்த நாடகம் என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஆனாலும் படங்கள் அமர்க்களமாக வந்தன. மூன்று மணி நேரத்தில் வெள்ளை ஒரு இழைகூடச் சரியவில்லை.

முடித்ததும் கேக்கைப் பொட்டலம் கட்டும் மேசையில் வைத்துவிட்டு விளக்குகளைக் கழற்றப் போனாள். இதைக் குப்பையில் போடுங்கள் என்று எப்போதும் சொல்லும் ஒரு வார்த்தையை இன்று சொல்லவில்லை.

அதே மாதிரி கேக் ஒன்றுக்கு ஆர்டர் இருந்தது. டெலிவரிக்காரர் மேசையில் இருந்ததைப் பெட்டியில் போட்டு எடுத்துப் போய்விட்டார். ஆர்டர் கேக் கண்ணாடிப் பெட்டிக்குள் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்த பிறகுதான் நளினிக்கு விஷயம் புரிந்தது. அந்தக் கேக் போய்விட்டது என்று ஒரு கத்து கத்தினாள். முகவரி இருந்த பில்லைப் பிடுங்கிக்கொண்டு, செல்போனைக்கூட மறந்து காருக்கு ஓடினாள்.

லிஃப்ட் திறந்தது.

பில்லில் இருந்த பெயர் ஷிரின். அவள்தான் கதவைத் திறந்தாள். பேக்கரியிலிருந்து வருகிறேன் என்று நளினி முடிப்பதற்குள் முகமெல்லாம் சிரிப்பு.

"உள்ள வாங்க, உள்ள வாங்க! பிள்ளைங்க க்ரீமைத் தட்டோட நக்கிட்டாங்க!"

அவளுக்குப் பின்னால் எட்டு ஒன்பது பிள்ளைகள். மூக்கில் வெள்ளை, புருவத்தில் வெள்ளை. பிறந்தநாள்காரி பத்து விரலையும் ஒவ்வொன்றாகச் சப்பிக்கொண்டிருந்தாள்.

நளினி ஆஸ்பத்திரி என்று சொல்ல வாயைத் திறந்தாள், வெறும் காற்றுதான் வந்தது. இந்தப் பிஞ்சுகளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் ஆயுசுக்கும் தூங்க முடியாது.

எவ்வளவு மோசம் என்றாவது தெரிய வேண்டும். உள்ளே ஓடி, மேசை மேல் இருந்த கேக் அட்டையில் ஒட்டியிருந்த வெள்ளையை விரலால் வழித்து நாக்கில் வைத்தாள்.

இனித்தது.

இன்னொரு விரல் வழித்தாள். பால், வனிலா. அசல் க்ரீம்.

பலூன்களை நகர்த்தக்கூடத் தோன்றாமல் சோபாவில் தொப்பென்று உட்கார்ந்தாள். ஒரு பலூன் வெடித்தது. அப்பாடா என்று வாய்விட்டே சொன்னாள், கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்தது. கேக் எப்படி இருக்கிறது என்று வீடு தேடி வந்து விசாரிக்கிறார்களே, அழவும் செய்கிறார்களே என்று அசந்துபோன ஷிரின், ஒரு துண்டை வெட்டி அவள் கையில் கொடுத்தாள். நளினி அழுதுகொண்டே தின்றாள்.

மறுபடியும் மணி அடித்தது. டெலிவரி பைக்கில் தொற்றிக்கொண்டு வந்த கிளிட்டஸ், அவள் செல்போனைப் பிடித்தபடி மூச்சு வாங்க நின்றார்.

"பயப்படாண்டாம் மேடம். திங்கிற சாமான்ல சோப்பு நொரைய வைக்கதுக்கு எனக்கு மனசு வரல்ல. உருக உருக வழிச்சிட்டு, புது க்ரீமு வச்சேன்."

திட்டுவதா, காலில் விழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. எழுந்துபோய்ச் செல்போனை வாங்கினாள்.

பக்கத்தில் பார்த்தபோதுதான் கவனித்தாள். காலையில் இருந்த நாலு நாள் தாடியைக் காணோம். முகம் வழவழவென்று, படமே எடுக்கலாம் போல இருந்தது.