இன்னும் ஐம்பது நிமிடம்

“பிளேன் மிரியை விட்டுக் கிளம்பிடுச்சு மாமா! இன்னும் அம்பது நிமிஷம். அப்புறம் உங்க மக சுபாங் உங்க பக்கத்துல உக்காந்திருப்பா!” என்றபடி உள்ளே வந்தான் காலிஹ்.

கட்டிலில் கிடந்த லுகுன் மெல்லச் சிரித்தார். அந்த மலையூரான பாரியோவின் சிறிய விமான நிலையத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். இப்போது அந்த வேலையைக் காலிஹ் பார்த்தான்.

“நூத்தியெம்பது கிலோமீட்டர். அம்பது நிமிஷம். கணக்குச் சரிதான்.” அவருக்கு மூச்சு இரைத்தது. “மக மொகத்தை ஒரு தடவை பாத்துட்டாப் போதும்டா.”

விடிந்ததுமே கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பிப் போடச் சொல்லியிருந்தார். மகள் வரும் விமானத்தை அவர்தான் முதலில் பார்க்க வேண்டுமாம்.

அவர் மனைவி ரினாய், காலிஹை வாசலுக்கு அழைத்துப் போனாள்.

“நெஜமாவே கிளம்பிடுச்சாப்பா?”

“இல்ல அத்தே. இன்னிக்கு ரத்து. சின்ன பிளேனுல்ல, ஏறறதுக்கு முன்னாடி ஆளையும் எடை போடுவாங்க. அந்த மேடையில ஏறி நின்னவளை இறங்கச் சொல்லிட்டாங்களாம். அழுதுக்கிட்டே ஜீப் புடிச்சுட்டா. மரம் ஏத்துற லாரி போற காட்டு ரோட்டுல வரணும். பதினாலு மணி நேரம் ஆகும்.”

ரினாய் வாயைப் பொத்திக்கொண்டாள். “இவருக்குச் சாயங்காலம் தாண்டாதுன்னு நர்ஸ் சொல்லிட்டாங்களே...”

அவள் கதவை மெல்லச் சாத்தினாள்.

“நீ சொன்னது சொன்னதாவே இருக்கட்டும். அந்த அம்பது நிமிஷத்தைப் புடிச்சுக்கிட்டுத்தான் அவரு உசுரு நிக்குது.”

மதியம் காலிஹ் மறுபடி வந்தான். “பிளேனை வழியில மருடியில எறக்கிட்டாங்க மாமா. எண்ணெய் போட்டதும் கிளம்பிடும்.”

“உன் பிளேன் என்ன, எருமை மாதிரி சேத்துல படுத்துக்கிச்சா?”

ரினாய்கூடச் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே திரும்பிக் கண்ணைத் துடைத்தாள்.

மூன்று மணிக்கு லுகுனின் உதடுகள் வெளுத்திருந்தன. காலிஹ் குனிந்து, அவர் காதருகே சொன்னான். “கிளம்பிடுச்சு மாமா. இந்தத் தடவை நிக்காது. வந்துடுவா.”

லுகுன் மனைவியைப் பார்த்தார். “மக பசியோட வருவா. போயி கஞ்சி வை.”

“இதோ வைக்கிறேன்,” என்று ரினாய் அடுப்படிக்கு ஓடினாள். அரிசி களையும் சத்தம் கேட்டது.

காலிஹ் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினான். ‘கர்த்தாவே, இந்தப் பொய்யை மன்னியும். இவர் மனசு உடையாம இருக்கத்தான் சொன்னேன்.’

லுகுனின் விரல்கள் அவன் கையை இறுக்கின.

“போதும்டா. உனக்குப் பொய் சொல்லவே வரல.”

காலிஹ் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தான்.

“மலையைப் பாத்துப் பாத்து முப்பது வருஷம் பைலட்டுங்களுக்குச் சேதி சொன்னவன் நான். மேகம் கணவாயை இப்படி மூடினா அன்னிக்குப் பூரா விலகாது. பிளேன் வராதுன்னு விடியறப்பவே தெரியும்.”

“மாமா... என்னை மன்னிச்சிடுங்க.”

லுகுன் தலையை மெல்ல அசைத்தார். அவர் பார்வை அடுப்படிப் பக்கம் போயிற்று. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“ரினாய்கிட்ட மட்டும் சொல்லிடாதேடா. பாவம், அவ நம்பிக்கிட்டிருக்கா.”