துண்டுக்கடியில் ஒரு ஏக்கர்

"ஹாலந்துல இதே ஒரு ஏக்கர் முப்பத்தஞ்சு லட்சமாக்கும், கேட்டேளா?" என்று பிச்சுமணி மாமா ஆரம்பித்ததுமே, இதுவும் போச்சு என்று சுதர்ஷனுக்குத் தோன்றிவிட்டது.

வயலை விலை கேட்டு இன்று வந்து எதிரே உட்கார்ந்திருப்பவர் மூன்றாவது ஆள். முதலில் வந்த களமசேரி வாத்தியார் ஹாலந்தைக் கேட்டதுமே செருப்பைத் தேடினார். அடுத்தவர் ஜப்பான் வரைக்கும் தாக்குப்பிடித்தார். சாயாவைக்கூட முழுதாகக் குடிக்காமல் கிளம்பினார்.

சனிக்கிழமை சுதர்ஷன் கனடாவுக்குத் திரும்பியாக வேண்டும். அதற்குள் பாலக்காட்டுச் சித்தூரில் அம்மா பேரில் இருக்கும் ஒரு ஏக்கரை விற்றுவிட வேண்டும் என்பது அவன் திட்டம்.

அவன் கணக்கு சுலபமானது. இங்கே ஒரு ஏக்கர் விற்ற காசுக்கு, அவன் வேலை பார்க்கும் ஊருக்கு வெளியே ஏழெட்டு ஏக்கர் கோதுமை நிலம் வரும். ஒன்று கொடுத்து ஏழு வாங்க யாருக்குக் கசக்கும்?

சித்தூர் வயல் அப்படி என்ன கிழித்துவிட்டது? அறுப்பு முடிந்ததும் மட்டாஞ்சேரியில் மாமா வீட்டுக்குச் சில மூட்டை அரிசி வரும். மூட்டை வந்து இறங்குகிற மாதம் மட்டும், கூடப்பிறந்த தம்பியான மாமாவோடு இருக்கும் அம்மாவின் குரல் சமையலறையில் கொஞ்சம் ஓங்கி ஒலிக்கும். அதற்கெல்லாம் மார்க்கெட்டில் விலை கிடையாது.

அம்மா பாக்கியலக்ஷ்மி மறுப்பே சொல்லவில்லை. போனிலேயே கேட்டுவிட்டான். "உன் இஷ்டம்டா. நேக்கென்ன தெரியும்?" என்றாள். குறுக்கே நின்றது மாமா ஒருவர்தான்.

இத்தனைக்கும் மாமா ஊரறிந்த மிளகுத் தரகர். பழைய காலத்துப் பாணியில், துண்டுக்கடியில் கையைப் பிடித்தே பேரம் முடிப்பவர். விரலைத் தொட்டால் விலை. விரல்களை மடக்கி மூடிவிட்டால் வியாபாரம் இல்லை. மிட்டாய்க்கும் முறுக்குக்கும் சுதர்ஷனே சின்ன வயதில் அவரிடம் அப்படித்தான் பேரம் பேசியிருக்கிறான். அந்த வீட்டில் அந்தப் பாஷை தெரியாதவர்கள் கிடையாது.

வாயைத் திறக்காமல் டன் டன்னாக மிளகு விற்ற மனுஷன், வயல் என்றதும் வாயை மூட மாட்டேன் என்கிறாரே என்று அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இன்று வந்திருக்கும் தங்கதுரை நல்ல மனிதர். தேனிப் பக்கத்திலிருந்து வந்து எறணாகுளத்தில் காய்கறி மொத்த வியாபாரம் செய்பவர். வந்ததும் வராததுமாக, தானே இருபத்திரண்டு லட்சம் என்றார். சுதர்ஷனுக்கு அப்போதே கைகுலுக்கிவிடலாம் போலிருந்தது. அதற்குள்தான் மாமா ஹாலந்தை இழுத்துவிட்டார்.

பெஞ்சில் மாமாவுக்குப் பக்கத்தில் அம்மா. இருவர் மடியிலும் படுகிற மாதிரி மாமாவின் ஈரிழைத் துண்டு. அதற்கடியில் அம்மாவின் கை மெல்ல நகர்ந்து மாமாவின் கையைப் பிடித்தது.

பாவம் அம்மா, தம்பியின் வாயை அடக்கக் கையை அழுத்துகிறாள் என்று சுதர்ஷன் நினைத்துக்கொண்டான்.

மாமா அடங்கவில்லை. ஹாலந்திலிருந்து நேராக ஜப்பானுக்குப் போனார். அங்கே நெல்வயல் வைத்திருப்பவனுக்கு இருக்கிற மரியாதையைப் பற்றிக் கால்மணி நேரம் பேசினார்.

தங்கதுரை பொறுமையாகக் கேட்டுவிட்டு இருபத்திநாலு என்றார்.

அம்மாவின் கை மறுபடி துண்டுக்கடியில் அசைந்தது.

"தைவான்ல ஏக்கர் கோடிக்கு மேலயாக்கும். சித்தூர் மண்ணு எதுல கொறஞ்சு போச்சு, சொல்லுங்கோ" என்றார் மாமா.

தங்கதுரை சாயா டம்ளரைக் கீழே வைத்தார். "சாமி, நான் பஸ்ஸு போற எடத்துல நெலம் கேட்டு வந்தேன். நீங்க என்னய பிளேன் ஏத்தி விடுறீங்க" என்று கும்பிடு போட்டுவிட்டு இறங்கிப் போனார்.

சுதர்ஷன் மாமாவைப் பிடிபிடியென்று பிடித்தான். அடுத்தவர் சொத்தில் உங்களுக்கென்ன இவ்வளவு அக்கறை என்றுகூடக் கேட்டுவிட்டான். மாமா அதற்கெல்லாம் கோபித்துக்கொள்ளவில்லை. விலை படியலை, அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு, துண்டை அம்மா மடியிலேயே விட்டுவிட்டு மிளகுக் கடைகள் நிறைந்த ஜூ டவுன் பக்கம் நடந்தார்.

சுதர்ஷனுக்கு அம்மாவைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. மாமா எழுந்த இடத்தில் போய் உட்கார்ந்தான்.

"நீயும் எத்தனை தடவை கையை அழுத்தினே. அவருக்கு உறைக்கவே இல்லையேம்மா."

அம்மா காலி டம்ளரை ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

"நாளைக்கு மாமா கடைக்குப் போனதும் தங்கதுரையைத் திரும்பக் கூப்பிடறேன். இருபத்திநாலுக்கே முடிச்சுடலாம். சரிதானே?" என்று ஆறுதலாகத் துண்டுக்கடியில் கையை விட்டு அம்மாவின் கையைப் பிடித்தான்.

"உன் இஷ்டம்டா கொழந்தே. நான் எப்போ வேண்டாம்னேன்?" என்றாள் அம்மா.

சொல்லிக்கொண்டே, துண்டுக்கடியில் அவன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, இறுக மூடினாள்.