ஈரத் தரை

மனைவி இறந்தபின் ஞானசிகாமணி அந்தக் குடியிருப்பில் தனியாக இருந்தார். நோய் பரவத் தொடங்கியதிலிருந்து வாசற்படியைத் தாண்டவில்லை. பயம் வரும்போதெல்லாம் ஃபினாயிலைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றித் தரையைத் துடைப்பார். பயம் அடிக்கடி வந்தது. பால்கனி வழியாக வந்துபோகும் சாம்பல் நிறப் பூனையிடம் மட்டும்தான் அவர் வாய்விட்டுப் பேசுவார். அது ஈரத் தரையில் நடந்துவந்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, பாதங்களை நக்கியபடி கேட்டுக்கொண்டிருக்கும்.

ஒரு மத்தியானம் அது எச்சில் ஒழுகத் தள்ளாடி விழுந்தது. பதறிப்போய்க் கால்நடை மருத்துவருக்குப் போன் செய்தார்.

“தரைக்கு என்ன சார் போடுறீங்க?”

சொன்னார்.

“அது பூனைக்கு விஷம் சார். காலை நக்குறப்ப உள்ள போயிருக்கும். சோப்புப் போட்டுக் கழுவிட்டு உடனே தூக்கிட்டு வாங்க.”

“வெளியிலயா?” என்றார் ஞானசிகாமணி.



நான்கு பாதங்களையும் கழுவித் துடைத்து, துண்டில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியிறங்கினார். தெருவில் ஆளும் இல்லை, ஆட்டோவும் இல்லை. நடந்தார். உள்ளங்கைக்கு அடியில் அதன் வயிறு ஒருமுறை ஏறி இறங்கியது. அடுத்த மூச்சுக்காக நடுத்தெருவிலேயே நின்றார்.