முதுகு

அநியாயம் நடந்தது பேஸ் கிட்டார் வாசித்த அக்காவுக்கு. அந்த ரெகே இசைக்குழுவில் அவள் ஒருத்திதான் பெண். அவளை மட்டும் டிரம்ஸுக்கு எதிரே, கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நிறுத்தி வைத்திருந்தார்கள்.

வக்கீலம்மாவுக்கு ரத்தம் கொதித்தது. வக்கீலம்மா என்பது வகுப்பு வைத்த பெயர், படிப்பது வரலாறு.

"பார்த்தியாடி? மத்தவன் எல்லாம் பல்லைக் காட்டிக்கிட்டு முன்னாடி. அவங்க மட்டும் சுவரைப் பார்த்த மாதிரி."

"பாட்டைக் கேளேன்டி," என்றாள் தோழி. பல்கலைக்கழக அரங்கமே எழுந்து நின்று ஆடிக்கொண்டிருந்தது.

"பாட்டு எதைப் பத்தி? நியாயத்தைப் பத்தி! பாடுறது நியாயம், பண்றது இது."

இடைவேளை விட்டதும் மேடைக்குப் பின்னால் போய் நின்றுவிட்டாள்.

"சார், அந்த அக்கா என்ன தப்பு பண்ணாங்க?"

பாடகர் சடைமுடியை அள்ளிக் கட்டிக்கொண்டே கேட்டார். "எந்த அக்கா?"

"எங்களுக்கு முதுகு மட்டும் தெரியுதே, அவங்க."

"ஓ, அவளா? அவளுக்குக் கூச்சம்மா. கூட்டத்தைப் பார்த்தா கை நடுங்கும்."

அந்த நேரம் பார்த்து அக்காவின் குரல் கூரையைப் பிளந்தது. "டேய், எவன்டா என் வயரை மிதிச்சது? காலை ஒடிச்சு அடுப்புல வெச்சிருவேன்!"

வக்கீலம்மா குழம்பிப் போனாள். இதுவா கூச்சம்?

நேரே அக்காவிடம் போனாள். "உண்மையைச் சொல்லுங்கக்கா. உங்களுக்குக் கூச்சமா?"

"பயங்கரக் கூச்சம்," என்று அக்கா கடகடவென்று சிரித்தாள்.

அந்தப் பக்கம் திரும்பி நின்று, நரைத்த தாடிக்கார டிரம்ஸ்காரர் குச்சிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். குழுவிலேயே மூத்தவர். அவரிடமும் கேட்டுவிட்டாள்.

"பெரியவர்தானே சார் நீங்க? நீங்களாவது தட்டிக் கேக்கக் கூடாதா?"

பதில் இல்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்பப்பா, என்ன திமிர்!

இரண்டாம் பாதி தொடங்கியது. மற்ற பாட்டில் அடி விழும் இடத்தில் ரெகேயில் அடி விழாது. அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, கொஞ்சம் தள்ளி விழும். அந்தக் காலி இடத்தில்தான் உடம்பு தானாக ஆடுகிறது. அரங்கம் ஆடியது. வக்கீலம்மா ஆடவில்லை. கையை வாய்க்குக் குவித்துக் கத்தினாள்.

"அக்கா, திரும்பு!"

பக்கத்து வரிசை பிடித்துக்கொண்டது. அதற்குப் பின் வரிசை. கொஞ்ச நேரத்தில் அரங்கம் முழுக்க ஒரே கூப்பாடு. "அக்கா, திரும்பு! அக்கா, திரும்பு!"

அக்கா தலையை ஆட்டி மறுத்தாள். விடுவார்களா? கூப்பாடு பாட்டையே விழுங்க ஆரம்பித்தது. வேறு வழியில்லாமல் திரும்பினாள்.

கைதட்டல் காதைக் கிழித்தது. வக்கீலம்மா உற்றுப் பார்த்தாள். சிரித்த முகம். தந்தியில் கல்லு மாதிரி நிற்கிற விரல்கள். எங்கே நடுங்குகிறது?

ஆனால் டிரம்ஸ் தடுமாறியது. காலியாக விட வேண்டிய இடத்தில் தொப்பென்று ஓர் அடி. மறுபடியும் ஓர் அடி. கிட்டார்க்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பாட்டு நொண்டி நொண்டி நின்றேவிட்டது.

அக்கா மைக்கை இழுத்தாள். "மன்னிச்சுக்குங்க. உங்களைப் பார்த்ததும் கை நடுங்கிடுச்சு. தப்பு என்மேலதான்."

"வாசிக்கத் தெரியலைன்னா வீட்டுக்குப் போ!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். ஊளைச் சத்தம். சிரிப்பு.

அக்கா பழையபடி முதுகைக் காட்டி நின்றாள். பாதத்தால் தரையைத் தட்டினாள். பாட்டு எழுந்து ஓடியது, ஒன்றுமே நடக்காத மாதிரி.

வக்கீலம்மாவுக்குத் தலை சுற்றியது. தாளம் தப்பியது டிரம்ஸ். மன்னிப்புக் கேட்டது பேஸ் கிட்டார். ஊளை வாங்கிக் கொடுத்தது? வக்கீலம்மாவேதான்.

நிகழ்ச்சி முடிந்ததும் மேடைக்கு ஓடினாள். டிரம்ஸ்காரர் அந்தப் பக்கம் குனிந்து தாளத்தட்டின் திருகைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"சார், தப்பு பண்ணது நீங்க. அக்கா ஏன் பழியை ஏத்துக்கிட்டாங்க?"

பதில் இல்லை.

"உங்ககிட்டதான் சார் கேக்கிறேன்!"

இல்லை. இன்னும் கிட்டே போனாள். அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு முழத் தூரத்தில் நின்று, தொண்டை கிழியக் கத்தினாள்.

"சார்!"

தூரத்தில் வயர் சுற்றிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மட்டும் நிதானமாக அடுத்த திருகுக்குப் போனார்.

வக்கீலம்மாவின் வாய் திறந்தபடியே நின்றது. பாட்டு நெடுக அந்தக் கண்கள் அக்காவின் விரலையும் பாதத்தையும் விட்டு விலகாததை இப்போதுதான் நினைத்துப் பார்த்தாள். இவருக்குக் காது போய்விட்டது.

பெரியவர் எதேச்சையாகத் திரும்பினார். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"ஏதாவது கேட்டியாம்மா? சத்தத்துல கவனிக்கல." அவள் உதட்டையே பார்த்தார். "அந்தப் பொண்ணைக் கோவிச்சுக்காதே. கெட்டிக்காரி. ஆனா கூச்ச சுபாவம். திரும்பி நின்னு வாசிம்மான்னு நானும் சொல்லிச் சொல்லி அலுத்துட்டேன்."

அவர் தோளுக்குப் பின்னால் அக்கா வந்து நின்றிருந்தாள். கண்கள் கெஞ்சின. சொல்லிவிட வேண்டாம் என்று தலை லேசாக அசைந்தது.

எந்த விவாதத்தையும் பாதியில் விட்டறியாத வக்கீலம்மா, வாய் வரை வந்த கேள்வியை விழுங்கிக்கொண்டாள். பிறகு, உதடு நன்றாகத் தெரியும்படி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"ஆமா சார். நானே பார்த்தேனே, அக்காவுக்குக் கை எப்படி நடுங்குச்சுன்னு!"